கம்ப்யூட்டருக்குள் ஒரு படுகளம்: மெய்நிகர் உலகில் கூத்துப் போடப் புதிதாக வருகிறவர்களுக்கு

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: தலையில் மாட்டுகிற விஆர் கண்ணாடியை வாங்கிவிடாதீர்கள். மெய்நிகர் உலகில் நாடகம் போட ஆசை என்று என்னைத் தேடி வரும் மாணவர்களில் பாதிப் பேர் அந்தக் கண்ணாடியின் விலையைக் கேட்டுக்கொண்டேதான் வருகிறார்கள். ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் நாடகம் சொல்லிக்கொடுக்கிறேன். சில வருடங்களாக இந்த வேலையைச் செய்துபார்த்ததில் கண்ணாடி ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. தேவைப்பட்டவை நாலைந்து மடிக்கணினிகள், ஒரு நல்ல மைக், கம்பி வழியாக வரும் இணையம், யூபிஎஸ், அப்புறம் தறிச்சத்தம் கேட்காத ஓர் அறை. நம் பக்கம் கடைசியாகச் சொன்னதுதான் சுலபத்தில் கிடைக்காது.

மெய்நிகர் உலகம் என்பதை ஓயாத ஒரு சந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போகாத நாளிலும் அது நடந்துகொண்டிருக்கும், போனால் நீங்களும் அதில் ஓர் ஆள். ஜூமில் ஆளுக்கொரு கட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறோம். இங்கே எல்லாரும் ஒரே திடலில் நிற்கிறோம். பக்கத்தில் வந்தால் குரல் கூடும், தள்ளிப் போனால் குறையும். உங்கள் சார்பில் நிற்கும் உருவத்துக்கு அவதார் என்று பெயர். நம்மூரில் பத்து அவதாரம் போதும், அங்கே ஒரு ஆளே ஒரு ராத்திரியில் பத்து எடுக்கலாம்.

புது விஷயம் என்று நினைத்து மிரள வேண்டாம். 1993-இல் ஸ்டூவர்ட் ஹாரிஸ் என்பவர் வெறும் எழுத்து அரட்டைக்குள்ளேயே ஹாம்லெட்டைக் கேலியாகச் சுருக்கி நடத்திவிட்டார். 1997-இல் ஏட்ரீன் ஜெனிக், லிசா பிரென்னிஸ் என்ற இரண்டு பெண்கள், த பேலஸ் என்ற பட அரட்டை அறைக்குள் பெக்கெட்டின் ‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’ நாடகத்தைப் போட்டார்கள். வழிப்போக்கர்கள் குறுக்கே புகுந்து பேச, அதுவும் நாடகமாகிவிட்டது. 2021 ஊரடங்கில் சாம் கிரேன், மார்க் ஊஸ்டர்வீன் என்ற இரண்டு பிரிட்டிஷ் நடிகர்கள் கார் திருடிச் சுட்டுத்தள்ளும் ஆன்லைன் விளையாட்டு ஒன்றுக்குள் ஹாம்லெட் போடக் கிளம்பினார்கள். வசனம் பேசும்போதே முகம் தெரியாத ஆட்கள் வந்து சுட்டுக் கொன்றுவிட்டுப் போனார்கள். அதைவிட மோசமாக உங்களுக்கு ஒன்றும் நடந்துவிடாது.

எந்த உலகம்?

இதில்தான் புதியவர்கள் நாள் கணக்கில் மலைத்துப்போய் நிற்பார்கள். என் பரிந்துரை மூன்றே மூன்று.

பழகுவதற்கு ஓப்பன்சிமுலேட்டர். இலவசம், மூலநிரல் திறந்தது. கல்லூரி ஆய்வகத்தில் ஒரு கம்ப்யூட்டரில் நிறுவிவிட்டால் மற்ற கம்ப்யூட்டர்கள் உள்வலை வழியாகவே நுழையலாம், வெளி இணையமே வேண்டாம். உள்ளே போக ஃபயர்ஸ்டார்ம் என்ற மென்பொருள் தேவை. அதில் ஓப்பன்சிமுக்கென்று தனிப் பதிப்பு இருக்கிறது, பார்த்து இறக்குங்கள். என் மாணவன் ஒருவன் தவறான பதிப்பை இறக்கிவிட்டு ஒரு நாள் முழுக்க ‘சர்வர் ரிப்பேர் சார்’ என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அரங்கேற்றத்துக்கு செகண்ட் லைஃப். 2003 ஜூனில் திறந்தது, இன்னும் ஓடுகிறது. ‘பழசு சார் அது’ என்று பையன்கள் முகம் சுளிப்பார்கள். பழசாக இருப்பதுதான் அதன் பலம். மோசில்லா நடத்திய ஹப்ஸ் என்ற உலகம் 2018-இல் வந்து 2024 மே மாதத்தோடு அவர்கள் கையிலிருந்து போய்விட்டது. ஆல்ட்ஸ்பேஸ் விஆர் 2023 மார்ச்சில் மூடப்பட்டது. கஷ்டப்பட்டுக் கட்டிய மேடை அடுத்த வருடம் இருக்குமா என்பதை முதலில் பாருங்கள், படத் துல்லியம் பிறகு.

பார்க்க வருகிறவர்களிடம் செல்போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் அப்ஸ்டேஜ். இது முப்பரிமாணம் அல்ல, வெட்டி ஒட்டிய படங்களை அசைக்கும் தட்டை மேடை. 2004-இல் நியூசிலாந்தில் பிறந்தது. பார்வையாளர் பிரவுசரில் சுட்டியைத் திறந்தால் போதும், கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. தோல்பாவைக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

கணக்குத் தொடங்கும்போது ஒரு எச்சரிக்கை. செகண்ட் லைஃபில் இடங்களை பொது, மிதம், வயதுவந்தோர் என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். 16, 17 வயதுக்காரர்கள் பொது இடங்களுக்குள் மட்டுமே போகலாம். மாணவர் வயது எதுவானாலும் சரி, உங்கள் வேலை முழுவதையும் பொது இடத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அப்பா பின்னால் வந்து நின்று திரையைப் பார்க்கும்போது சங்கடம் இருக்காது. நிலம் வாங்கவும் அவசரப்படாதீர்கள். சாண்ட்பாக்ஸ் என்ற பழகு திடல்களில் கட்டிப் பழகலாம். நாடக, கல்விக் குழுக்களிடம் முறையாகக் கேட்டால் ஒரு மாலைக்கு இடம் தரத் தயங்கமாட்டார்கள்.

கதையை எடுப்பதற்கு முன்னால் தாமதத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

நான் முதலில் போட நினைத்தது கும்மி. எட்டுப் பெண்கள், எட்டு வீடு, எட்டு ஊர். கோபியிலிருந்து ஒருத்தி, காங்கேயத்திலிருந்து ஒருத்தி என்று அவரவர் வீட்டில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் பாட வேண்டும். நாலு அடிகூட ஓடவில்லை. செகண்ட் லைஃபின் சர்வர் அமெரிக்காவில் இருக்கிறது. நம் கைத்தட்டல் அங்கே போய்த் திரும்பக் கால் நொடிக்குக் குறையாது, குரல் என்றால் இன்னும் கூடும். தாளத்துக்குக் கால் நொடி என்பது ஒரு யுகம். முன்பாட்டுக்காரி பாடி முடித்துக் காத்திருக்கிறாள், பின்பாட்டு வந்து சேரவில்லை. எல்லாரும் எல்லாருக்காகவும் காத்திருந்து, கும்மி ஒப்பாரியாகிவிட்டது.

அதற்குத் தீர்வு கருவியில் இல்லை, நம் பொம்மலாட்டத்தில் இருந்தது. பொம்மலாட்டக்காரர்கள் திரைக்குப் பின்னால் ஒரே இடத்தில்தானே நிற்கிறார்கள்? நீங்களும் அப்படியே செய்யுங்கள். நடிகர்கள், பாடகர், வாத்தியம் எல்லாரையும் ஒட்டுக்கா ஓர் அறையில் உட்கார வையுங்கள். ஆளுக்கொரு மடிக்கணினி, ஆளுக்கொரு அவதார். மைக் மட்டும் ஒன்று, ஒரே கம்ப்யூட்டரில். மற்ற எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் மைக்கும் ஒலிபெருக்கியும் அணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எதிரொலி காதைக் கிழிக்கும். அறைக்குள் தாளம் தப்பாது. வெளியே போகும்போது பாட்டு மொத்தமாக அரை நொடி பிந்திப் போகும். பார்வையாளருக்கு அது தெரியவே தெரியாது.

இப்படிச் செய்தால் ஒரு சிக்கல் வரும். எல்லாக் குரலும் மைக் வைத்திருக்கும் ஒரே அவதாரின் இடத்திலிருந்து கேட்கும். ராஜா பேசினாலும் மந்திரி பேசினாலும் குரல் ஒரே திசையிலிருந்துதான் வரும். இதற்காகத்தான் உடுக்கை அடித்துக் கதை பாடும் உடுக்கடிப் பாட்டை எடுங்கள் என்கிறேன். அண்ணன்மார் கதை என்ற நம் கொங்கு நாட்டுப்புறக் காவியத்தில் பொன்னர், சங்கர், அருக்காணித் தங்காள், தலையூர்க்காளி, கொம்பன் பன்றி எல்லாருக்கும் உடுக்கை அடிப்பவர்தானே குரல் கொடுக்கிறார்? அவரையே நடு மேடையில் ஓர் அவதாராக நிறுத்திவிடுங்கள். குரல் அங்கிருந்து வருவதுதான் நியாயம் என்று ஆகிவிடும். மற்ற அவதார்கள் அவர் பாட்டுக்கு ஆடும் பொம்மைகள். வள்ளி கும்மிதான் போடுவேன் என்று அடம்பிடிக்கிறவர்களும் போடலாம், பாட்டு மட்டும் ஒரே அறையிலிருந்து வர வேண்டும்.

கதை முழுவதையும் எடுக்காதீர்கள். விடிய விடிய உட்காருவது கோயில் திடலில் நடக்கும், கம்ப்யூட்டர் முன்னால் நடக்காது. இருபது நிமிடம் போதும். நாங்கள் எடுத்தது படுகளத்தில், அதாவது அண்ணன்மார் மாண்டு விழுந்த களத்தில், தங்கை தங்காள் அவர்களைத் தேடும் பகுதி மட்டும்.

அவதாரை ஆட்டுவது

சினிமா மாதிரி முகபாவம் காட்ட முடியாதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஓரளவு முடியும், ஆனால் யாரும் கவனிக்கமாட்டார்கள். பார்வையாளர் திரையில் உங்கள் அவதாரின் முகம் சுண்டைக்காய் அளவுதான். பாவைக்கூத்தின் சட்டம் ஒன்றை மட்டும் கடைப்பிடியுங்கள்: யாருக்காகக் குரல் வருகிறதோ அந்தப் பொம்மை மட்டும் அசைய வேண்டும், மற்றவை கல்லாக நிற்க வேண்டும். எங்கள் குழுவில் இதைப் பழகவே இரண்டு வாரம் ஆனது. இளைஞர்களுக்குக் கை சும்மா இருக்காது.

கல்லாக நிற்பதற்கும் வேலை இருக்கிறது. சும்மா விட்டால் அவதார் தானாகவே இடுப்பை ஆட்டும், தலையைச் சொறியும், பராக்குப் பார்க்கும். அனிமேஷன் ஓவர்ரைடர் என்ற துணைக்கருவியில் நிற்கும் நிலைக்கு நீங்களே அசையாத ஒரு போஸைக் கொடுத்துவிடுங்கள். தட்டச்சு செய்தால் அவதார் காற்றில் கீபோர்டு தட்டும். அதையும் அணைத்துவிடுங்கள். தங்காள் மார்பில் அடித்து அழும்போது பக்கத்தில் ஒரு வீரன் கீபோர்டு தட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று நான் அனுபவித்துவிட்டேன்.

அசைவுகளை ஜெஸ்சர் என்ற முறையில் எஃப் 2, எஃப் 3 போன்ற விசைகளில் கட்டி வையுங்கள். ஒரு பாத்திரத்துக்கு ஐந்தாறு அசைவு தாராளம்: நடை, வணக்கம், வாள் ஓங்கல், அழுகை, விழுதல். சொந்தமாகச் செய்த அசைவை பிவிஹெச் என்ற அசைவுக் கோப்பாக ஏற்றலாம், ஒன்றுக்குப் பத்து லிண்டன் டாலர் (செகண்ட் லைஃபின் உள் நாணயம்) கட்டணம். நம் காசில் சில ரூபாய்தான். புதிய அசைவை முதல் முறை போடும்போது பார்ப்பவர் கம்ப்யூட்டர் அதை இறக்கிக்கொள்ள நேரம் எடுக்கும், அதனால் பிந்தித் தெரியும். நாடகம் தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னால், கூட்டம் வந்து உட்கார்ந்த பிறகு, எல்லா அசைவையும் ஒரு தடவை போட்டுக் காட்டிவிடுங்கள். தெருக்கூத்தில் களரி கட்டுகிற மாதிரி. எங்கள் பார்வையாளர்கள் அதையே ஒரு காட்சி என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

அவதாருக்கு நகை நட்டு ஏற்றி அலங்கரிக்காதீர்கள். பாரம் கூடினால் பலருடைய திரையில் அது ஒற்றை வண்ண ஜெல்லி பொம்மையாகத்தான் தெரியும். பின்கொசுவம் வைத்த சேலை கடைகளில் தேடினாலும் அகப்படாது, தேடிப் பொழுதைப் போக்க வேண்டாம். நிறமும் கரையும் சரியாக இருந்தால் மீதியைப் பாட்டு பார்த்துக்கொள்ளும்.

மேடை

மேடை பற்றிச் சொல்ல அதிகமில்லை. அவதாரின் தலைக்குப் பின்னால் சற்று உயரத்தில் கேமரா நிற்கிறது என்பதை மட்டும் மறக்காதீர்கள். பாட்டன் வீட்டுத் திண்ணையை அளவெடுத்து அப்படியே கட்டினால் கேமரா ஓட்டில் முட்டிக்கொள்ளும். கதவு, கூரை எல்லாம் இரண்டு மடங்கு. திறந்த திடல் என்றால் இந்தத் தலைவலியே இல்லை. எழுத்து அரட்டை 20 மீட்டருக்குள்தான் தெரியும், ஆகவே கூட்டத்தை அதற்குள் உட்கார வையுங்கள். முன்வரிசைச் சண்டை வராது, கேமராவை யார் வேண்டுமானாலும் பக்கத்தில் நகர்த்திப் பார்த்துக்கொள்ளலாம்.

திரைச்சீலைக்கு பவானி ஜமக்காளத்தைப் போட்டோ எடுத்து ஏற்றினோம். பட்டைப் பட்டையாக இருப்பதால் ஒரு சாண் படமே போதும், அடுக்கடுக்காகப் போட்டால் ஒட்டுத் தெரியாது. 512 புள்ளி அளவுக்கு மேல் படம் வேண்டாம், பெரிதானால் எல்லாருக்கும் சாம்பல் நிறத்தில்தான் வெகுநேரம் தெரியும். வசனத்தைத் தமிழில் எழுதிக் காட்டுவதாக இருந்தால் கொம்பும் காலும் சரியான இடத்தில் நிற்கின்றனவா என்று முன்னாடியே பாருங்கள். நிற்காவிட்டால் எழுத்தைப் படமாக்கிப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.

‘ஆமாங்’ போட ஓர் ஆள்

இதை எந்தக் கையேடும் எனக்குச் சொல்லவில்லை. எங்களுக்காகப் பாட வந்த உடுக்கைக்கார அய்யா முதல் ஒத்திகையிலேயே உடுக்கையைக் கீழே வைத்துவிட்டார்.

“ஏனுங் சார், நானு பாடோணும்னா எதுக்க ஆளு மூஞ்சி தெரியோணும்ங். இதுல ஒருத்தரு மூஞ்சியும் தெரியலீங்களே. செவுத்தப் பாத்துப் பாடச் சொல்றீங்களா?”

அவர் சொன்னது நியாயம். கூட்டம் அழுகிறதா, தூங்குகிறதா என்று பார்த்துத்தான் அவர் பாட்டை இழுப்பார், சுருக்குவார். இங்கே முப்பது அவதார்கள் உட்கார்ந்திருக்கின்றன, முப்பதும் ஒரே மாதிரி முழிக்கின்றன. பார்வையாளர் மைக்கைத் திறந்துவிடலாமா என்றால் முப்பது வீட்டுக் குக்கர் விசிலும் உள்ளே வரும்.

கடைசியில் பின்பாட்டு முறையிலேயே வழி கிடைத்தது. உடுக்கடிப் பாட்டில் துணைக்கு உட்காருகிறவர் அடிக்கு அடி ‘ஆமா’ போடுவாரே, அந்த இடத்தில் ஒரு மாணவியை உட்கார வைத்தோம். அவள் கையில் ஒரு மடிக்கணினி. பார்வையாளர்கள் தட்டச்சு செய்வதைப் படித்துக்கொண்டே அவள் ‘ஆமாங்’ போடுவாள். கூட்டம் சுறுசுறுப்பாக இருந்தால் உரக்க, தூங்கினால் மெல்ல. யாராவது கேள்வி கேட்டால் அதையே பாட்டுக்குள் போடுவாள்: “ஏனுங் சாமி, சிங்கப்பூருல இருந்து ஒருத்தரு கேக்கறாரு, தங்காளுக்கு அப்ப என்ன வயசுங்?” அய்யா உடுக்கையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பதில் பாடுவார். அந்தக் கணத்தில் அரட்டைப் பெட்டி நிரம்பி வழியும். உங்கள் குழுவில் மிகச் சமயோசிதமான ஆள் யாரோ, அவரை அவதார் ஆட்ட விட்டுவிடாதீர்கள். இந்த வேலைக்கு வையுங்கள்.

நாள், நேரம், காவல்

செகண்ட் லைஃபின் கடிகாரம் அமெரிக்க மேற்குக் கரை நேரம். கோடையில் நமக்கும் அதற்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பதின்மூன்றரை. அழைப்பில் இரண்டு நேரத்தையும் போடுங்கள். சனிக்கிழமை இரவு எட்டு மணி எங்களுக்கு ஒத்துவந்தது. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம்மூர்க்காரர்கள் விழித்திருப்பார்கள். செவ்வாய், புதன் வேண்டாம். பராமரிப்புக்காக இடங்களை ஒவ்வொன்றாக நிறுத்தி ஏற்றுவது பெரும்பாலும் அந்த நாட்களில்தான், அவர்களுக்குக் காலை நமக்குச் சாயங்காலம்.

எத்தனை பேர் வருவார்கள் என்று கனவு காணாதீர்கள். பெரிய தனியிடத்திலேயே நூறு பேர் அளவில்தான் நுழைய முடியும், பல இடங்களில் அதில் பாதிகூட முடியாது. முப்பது பேர் வந்தால் வண்டி சீராக ஓடும்.

குறும்புக்காரர்கள் வருவார்கள். இட உரிமையாளரிடம் சொல்லி, வெளியாட்கள் பொருள் வைப்பது, ஸ்கிரிப்ட் என்ற நிரல்துண்டுகளை ஓட்டுவது, அடுத்தவரைத் தள்ளுவது மூன்றையும் முன்கூட்டியே தடுத்துவிடுங்கள். ஒருவருக்கு வெளியேற்றும் அதிகாரம் கொடுத்து வாசலில் நிறுத்துங்கள். நடிக்கிறவருக்கு அந்த வேலையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது.

யூடியூபில் நேரலை விடுவதாக இருந்தால் ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற மென்பொருள் போதும், இலவசம். இடைவேளையில் சினிமாப் பாட்டுப் போட்டுத் தொலைக்காதீர்கள், உரிமைக்காரர் பிடித்துக்கொள்வார்.

அறையைப் பற்றி முன்னாலேயே சொன்னேன். சென்னிமலைப் பக்கம் ஒரு நண்பர் வீட்டில் ஒத்திகை பார்த்தபோது தறி நின்றால்தான் நாங்கள் பாட முடிந்தது. ஆடி மாதம் வேண்டவே வேண்டாம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னலை அடித்துக்கொண்டே இருக்கும். மயிலுக்கு மட்டும் ஒரு வழியும் இல்லை. தங்காள் புலம்பலின் உச்சத்தில் தோட்டத்து மயில் மூன்று தடவை அகவியது. ‘மயில் சத்தம் சேர்த்தது அற்புதம்’ என்று கோலாலம்பூர்க்காரர் ஒருவர் எழுதினார். நாங்கள் மறுக்கவில்லை.

கரண்ட் போனால் என்ன செய்வது என்பதை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மைக் இருக்கும் மடிக்கணினிக்கும் ரூட்டருக்கும் யூபிஎஸ் கட்டாயம். மற்றவை போனால் போகட்டும், பாட்டு நிற்காமல் இருந்தால் கூட்டம் கலையாது. செல்போன் ஹாட்ஸ்பாட் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். அதை ஒத்திகையிலேயே ஒரு தடவை பழகிப் பாருங்கள்.

முடிக்கும் இடம்

முடிந்ததும் உடனே எல்லாரும் வெளியேறிவிடாதீர்கள். எங்கள் முதல் காட்சியில் படுகளத்தில் விழுந்த ஆறு பேரும் விழுந்தபடியே மடிக்கணினியை மூடிவிட்டு டீ குடிக்கக் கிளம்பினார்கள். திடலில் கிடந்த உடல்கள் ஒவ்வொன்றாகக் காற்றில் மறைந்தன. கூட்டம் அப்படியே உட்கார்ந்திருந்தது. அரட்டைப் பெட்டியில் ஒருவர் எழுதினார்: ‘எழுப்பமாட்டீங்களா?’

நம் கோயில்களில் நடக்கும் படுகளச் சடங்கில் விழுந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு யாரும் வீட்டுக்குப் போவதில்லை. தீர்த்தம் தெளித்து எழுப்ப வேண்டும். அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத்தான் நாங்கள் நாடகம் போட்டோம், எங்களுக்கே அது மறந்துவிட்டது.

அடுத்த காட்சியிலிருந்து கடைசி ஐந்து நிமிடம் அதற்கென்றே ஒதுக்கிவிட்டோம். தங்காளின் அவதார் ஒவ்வோர் உடலாகப் போய் நிற்கும், உடுக்கை ஒலிக்கும், அந்த அவதாருக்குரிய மாணவர் அசைவை நிறுத்தும் கட்டளையை அழுத்துவார், உடல் துள்ளி எழும். ஆறாவது ஆள் எழுந்த பிறகுதான் டீ.